மலிவான முரட்டு லப்டொப்: பொம்மையா, பொருளா?

கேள்வி
(2022 மார்ச் 5, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு டீச்சர்)

அண்ணா, நீங்கள் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர் என்பதால் கேட்கிறேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லப்டொப் வாங்கித் தர யோசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர், வளர்முக நாடுகளுக்கென்றே செய்த முரட்டு லப்டொப் ஏதாவது தேடுவோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். என்னைக் கேட்டால் அதெல்லாம் பொம்மை. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிற காலத்தில் அது யாருக்கு வேண்டும்?

2022 மார்ச் 5, இரவு

டீச்சர், அந்தப் பொம்மை ஒன்று பதினான்கு வருடமாக என் மேசையில் இருக்கிறது. இப்போது எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் கரண்ட் இல்லை. இதையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் வந்ததும் போனுக்கு மாற்றி ஏற்றுவேன்.

பெயர் எக்ஸ்ஓ. வெள்ளையும் பச்சையுமாக இருக்கும், கைப்பிடி உண்டு, மூடியின் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு துண்டு நிற்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரொபொன்டே 2005 ஜனவரியில் டாவோஸில் அறிவித்த ‘பிள்ளைக்கு ஒரு லப்டொப்’ திட்டத்தில் வந்தது. நூறு டொலருக்குத் தருவோம் என்றார்கள். 2007 கடைசியில் தாய்வானின் குவாண்டா கம்பனி அதைச் செய்து அனுப்பத் தொடங்கியபோது விலை இருநூறு டொலரை நெருங்கிவிட்டது. கடையில் வாங்க முடியாது. அரசாங்கங்கள் மொத்தமாக வாங்கிப் பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த வருடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் ஒரு வாசல் திறந்தார்கள். 399 டொலர் கட்டினால் ஒன்று உங்களுக்கு, இன்னொன்று எங்கேயோ ஒரு நாட்டுப் பிள்ளைக்கு. டொரொன்டோவில் இருக்கிற என் மச்சான் தன் மகளுக்கு அப்படி ஒன்று வாங்கினான். அவளுக்குப் பிடிக்கவில்லை. 2008இல் இங்கே வந்தபோது பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

நான் அப்போது கொழும்பில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்ற ஆள். ஒரு நாளைக்குப் பத்து லப்டொப்பாவது திறப்பேன். இதைத் திறந்த அன்று வேறு வேலை ஓடவில்லை. உள்ளே விசிறி இல்லை, சுழலுகிற டிஸ்க் இல்லை. கீபோர்ட் ஒரே ரப்பர் விரிப்பு, தூசும் தண்ணீரும் இறங்க வழியில்லை. காதுகளை மடக்கினால் அவையே யூஎஸ்பி ஓட்டைகளை மூடிக்கொள்கின்றன. ராம் 1 ஜிபி.

உள்ளே கைப்பிடிப் பக்கம் பார்த்தேன். மாற்று ஸ்குரூக்கள் சிலவற்றை வைத்திருந்தார்கள். தொலைந்தால் எடுத்துப் போடு என்று. எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், வேறு எந்தக் கம்பனியும் எனக்கு ஒரு ஸ்குரூ விட்டுவைத்ததில்லை.

2022 மார்ச் 6

ஒரு திருத்தம். ராம் 1 ஜிபி என்று நேற்று எழுதியது பிழை. ராம் 256 எம்பி. 1 ஜிபி என்பது எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற இடம். ஏஎம்டி ஜியோட் பிராசஸர், 433 மெகாஹேர்ட்ஸ். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

2022 மார்ச் 12

“அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன், வாசிக்கிறேன். அதற்குமேல் அதனிடம் நான் கேட்பதில்லை.

வாசிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் திரைதான் அந்தப் பெட்டியின் உயிர். ஏழரை அங்குலம், 1200க்கு 900 புள்ளி. மேரி லூ ஜெப்சன் என்ற பெண் வடிவமைத்தது. வீட்டுக்குள்ளே வண்ணத்தில் தெரியும். வெயிலில் கொண்டுபோய்ப் பின்விளக்கை அணைத்துவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாறி, வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகிறது. மற்ற லப்டொப் எல்லாம் வெயிலோடு மல்லுக்கட்டும். இது வெயிலையே விளக்காக வைத்துக்கொள்கிறது.

பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். கடல் பக்கம் முதுகைக் காட்டி, தண்ணீர்த் தாங்கியின் மேல் வைத்தேன். வெயில் நேரே விழுகிறது. ழகரத்தின் வால் மயிரிழையாகத் தெரிகிறது. பக்கத்தில் என் போனை வைத்தேன், அதில் என் முகம்தான் தெரிந்தது. பின்விளக்கு இல்லாததால் பட்டரியும் மெல்லத்தான் இறங்குகிறது. வீட்டுக்குள் இருட்டாக இருந்தால் வெளியே போய் உட்கார்ந்து படி என்று சொல்லக்கூடிய ஒரே லப்டொப் இதுதான் டீச்சர்.

2022 மார்ச் 31

இன்று பதின்மூன்று மணிநேரம் கரண்ட் வெட்டு. பட்டியலைப் பார்த்துவிட்டு அம்மா, “இதற்கு யாழ்ப்பாணமே பரவாயில்லை, அங்கே கரண்ட் வராது என்று தெரிந்தாவது இருந்தது” என்றார்.

இன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. இன்வெர்ட்டர் வைத்தால் லப்டொப் எத்தனை மணி ஓடும்? அதற்குப் பதில் சொன்னபோதுதான் நான் ஏன் இந்தப் பச்சைப் பெட்டியை விடாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே சரியாக விளங்கியது.

சாதாரண லப்டொப் கேட்பது 19 வோல்ட். உங்களிடம் இருக்கிற பட்டரி 12 வோல்ட். அதனால் 12ஐ இன்வெர்ட்டர் 230 ஆக ஏற்ற வேண்டும், பிறகு சார்ஜர் அந்த 230ஐ 19க்கு இறக்க வேண்டும். ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகும், இறக்கும்போது கொஞ்சம் போகும். சும்மா ஓடிக்கொண்டிருப்பதற்கே இன்வெர்ட்டர் ஒரு பங்கு தின்னும். எக்ஸ்ஓவுக்கு அந்தச் சுற்று வேண்டாம். 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கலாம். கார் பட்டரி, ஓட்டோ பட்டரி, சோலார் தகட்டோடு வருகிற சின்னப் பட்டரி எதுவானாலும் சரி. வோல்ட் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்கிறது.

கடையில் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பட்டரி ஒன்று கிடந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், எழுதும்போது எக்ஸ்ஓ ஏறத்தாழ 5 வாட் எடுக்கிறது. கணக்குப்படி பட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. ஈயப் பட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும், அதனால் பாதி என்றே வைப்போம். அப்படியும் எட்டு மணிநேரம். அதற்குள்ளே இருக்கிற சொந்தப் பட்டரி வேறு.

கரண்ட் போகும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த பொருள் இது. மற்றவை கரண்ட் போகவே போகாத ஊரில் செய்து, இங்கே கொண்டுவந்து இறக்கியவை.

2022 ஏப்ரல் 3

ஊரடங்கு. கடை இல்லை. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வேறு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்தைச் சொன்னதிலிருந்து மனது அங்கேதான் இருக்கிறது. 1990இல் அங்கே கரண்ட் நின்றபோது எனக்கு எட்டு வயது. பட்டரி கொண்டுவரத் தடை. சின்ன ரோர்ச் பட்டரிகூடக் கிடைக்காது. சித்தப்பா இரவில் சைக்கிளைத் தலைகீழாக முற்றத்தில் நிறுத்துவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர், அது ரேடியோவுக்குப் போகும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. பிபிசி தமிழோசை முடியும்வரை நிறுத்தக் கூடாது. கை சோர்ந்து வேகம் குறைந்தால் குரல் தேய்ந்து இறங்கும், சுற்றிவர நிற்கிற அயலட்டைச் சனம் முழுக்க “டேய் தம்பி!” என்று சத்தம் போடும். வேகமாகச் சுற்றினால் சித்தப்பா பதறுவார், ரேடியோ எரிந்துவிடும் என்று. ஒரே சீராகச் சுற்ற நான் அப்போது பழகிக்கொண்டேன். ஜாம் போத்தலில் திரி போட்டு, துளி மண்ணெண்ணெயில் எரிகிற விளக்கில்தான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன்.

2005 நவம்பரில் துனிசில் நடந்த மாநாட்டில் இந்த லப்டொப்பின் முதல் மாதிரியைக் காட்டினார்கள். அப்போதைய ஐநா செயலாளர் நாயகம் கோபி அன்னானும் மேடையில் இருந்தார். அந்த மாதிரியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கைச்சுற்றி இருந்தது, சுற்றினால் கரண்ட் வருமாம். மேடையிலேயே அது கழன்று கையோடு வந்துவிட்டது. விற்பனைக்கு வந்த எக்ஸ்ஓவில் கைச்சுற்றி இல்லை. பலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, ஒரு பிள்ளை கையால் சுற்றிக் கரண்ட் எடுக்க வேண்டி வரும் என்று யோசித்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

காதுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை அன்டெனா. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற எக்ஸ்ஓக்கள் இன்டர்நெட் இல்லாமலே ஒன்றோடொன்று வலையாகச் சேர்ந்து பேசிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இன்றைக்கு மாதிரி நாளில் அதன் அருமை தெரிகிறது. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அது இன்னொன்றோடு பேசி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

2022 மே 14

டீச்சர் திரும்பவும் கேட்டிருக்கிறார்: “சரி, இதெல்லாம் பழைய கதை. நாங்கள் இப்போது எதை வாங்குவது?”

எக்ஸ்ஓவைத் தேடிப் போகாதீர்கள். இலங்கையிலும் சில ஆரம்பப் பாடசாலைகளுக்கு அது வந்தது உண்மைதான். ஆனால் இன்று பாகம் கிடைக்காது, இன்றைய இணையத்தளங்களை அதால் தூக்கவும் முடியாது. பாவித்த ஒபிஸ் லப்டொப் பாருங்கள். திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 மாதிரி. பட்டரியைப் பின்னால் தள்ளிக் கழற்றலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ஸ்குரூ. ராம் தனி மூடிக்குள் இருக்கிறது. கீபோர்டில் தண்ணீர் ஊற்றினால் வடிந்து போக வழி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது மூடியை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள், ஹிஞ்ச் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். நொறுக் என்று ஒரு சத்தம் வந்தால் வேண்டாம்.

விலைதான் நெஞ்சைப் பிடிக்கிறது. வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், இப்போது 360ஐத் தொடுகிறது. ஜனவரியில் நான் 45 ஆயிரத்துக்குக் கொடுத்த சாமான் இன்று எனக்கே அந்த விலைக்குக் கிடைக்காது.

எங்கள் ஊர்க் காலநிலை பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடிகளிலிருந்து வருகிற லப்டொப்பைத் திறந்தால் யூஎஸ்பி வாய்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்று. பல் துலக்குகிற பிரஷ்ஷால் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் சிலது பிழைக்கும். விசிறி இருக்கிற லப்டொப் அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. போன வாரம் வந்த ஒன்றில் விசிறிக்குப் பின்னால் கரப்பான் முட்டைக் கூடு, அதைச் சுற்றி எறும்பு. சூடு இருக்கிற இடம் என்பதால் தேடி வந்து குடியிருக்கின்றன. எக்ஸ்ஓவில் பதினான்கு வருடத்தில் ஒரு எறும்பு நுழைந்ததில்லை.

அதற்கும் குறை இல்லாமல் இல்லை. கீபோர்ட் ரப்பரில் ஒரு விசை அமுங்கினால் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. விரலை வைக்கிற பலகையில் அம்புக்குறி திடீரென்று மூலைக்குப் பாய்கிறது. இவை என் பெட்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, அந்தக் காலத்தில் வந்த பலவற்றிலும் இருந்தது. பெரியவர்கள் விரலுக்கு விசைகள் நெருக்கம் வேறு.

2022 ஜூன் 26

பாடசாலை மூடியிருக்கிறது. பெற்றோல் இல்லை, டீச்சர்மார் வர வழியில்லை, பிள்ளைகள் போக வழியில்லை.

எங்கள் கடைக்கு மேல் மாடியில் ஓட்டோ ஓட்டுகிற அண்ணர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். மகள் ஐந்தாம் தரம், இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்க வேண்டியவள். வட்ஸ்அப்பில்தான் பாடம் வருகிறது. வீட்டில் ஒரே ஒரு போன். அது அப்பாவின் போன், ஹயர் எடுக்கிற ஆப் அதில்தான் இருக்கிறது. அண்ணர் பெற்றோல் வரிசையில் இரண்டு நாளாகக் கிடக்கிறார், போனும் அவரோடு கிடக்கிறது.

“எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன்” என்று டீச்சர் எழுதினாரே. வீட்டுக்கு ஒன்று இருக்கலாம். பிள்ளை கையில் அது எந்த நேரம் வரும்? அப்பா வீட்டில் இருக்கிற நேரம், சார்ஜ் மிச்சம் இருக்கிற நேரம், அண்ணன்மார் விட்டுக்கொடுக்கிற நேரம். பிள்ளையின் பெயரில் ஒரு பொருள் இருப்பது வேறு.

எக்ஸ்ஓவை அவளிடம் கொடுத்துவிட்டேன். பழைய வினாத்தாள்களைப் போட்டுக் கொடுத்தேன். கைப்பிடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள். அவள் தம்பி காதுகளைப் பார்த்துவிட்டு அதற்கு ‘முயல்’ என்று பெயர் வைத்துவிட்டான்.

2022 ஜூலை 17

முயலைப் பற்றி அவள் சொன்ன முறைப்பாடுகள்:

ஸ்கேன் செய்த வினாத்தாளில் ஒரு பக்கம் புரட்டினால் அடுத்தது வருவதற்குள் ஒரு கணக்கு செய்து முடித்துவிடலாமாம். உண்மைதான், நானும் எண்ணிப் பார்த்தேன், பெரிய கோப்பானால் பத்து வினாடிக்கு மேல் போகிறது. அடுத்தது, டீச்சர் அனுப்பிய குறிப்புகள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறதாம். பார்த்தால் பாமினி, யூனிகோட்டுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு. லோகித் எழுத்துரு இருந்ததால் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. நம் ஊர் டீச்சர்மார் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பாமினி எழுத்துருவையும் ஏற்றிக் கொடுத்தேன், தமிழ் திரும்பி வந்தது. எந்த நாட்டுக்கு எத்தனை மலிவாகச் செய்து அனுப்பினாலும், கடைசி முழத்தை அந்தந்த ஊரில் இருக்கிறவன்தான் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

அவள் சொல்லாத ஒன்றை நானே பார்த்தேன். பகலில் பல்கனித் தரையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயில் நகர நகர அவளும் பெட்டியும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கீழே ஓட்டோ பெற்றோல் இல்லாமல் நிற்கிறது. அதன் பட்டரியிலிருந்து ஒரு வயர் மாடிக்கு ஏறுகிறது. அண்ணர் முதலில் பட்டரி இறங்கிவிடும் என்று யோசித்தார். எக்ஸ்ஓ எடுப்பது ஓட்டோவின் பார்க் லைட் எடுக்கிற அளவுதான் என்று மீட்டரில் காட்டினேன். அப்புறம் அவரே வயரைப் பிடித்துக் கட்டிவிட்டார்.

2022 ஆகஸ்ட் 20

மூன்று நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைப் படித்தால், இதைக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்று நான் சொல்வது மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை.

இந்த லப்டொப்பை உலகிலேயே அதிகம் வாங்கிய நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேல். அங்கே 319 கிராமப் பாடசாலைகளை எடுத்து ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012இல் முடிவை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளி கூடவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பல பாடசாலைகளில் இன்டர்நெட்டும் இல்லை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை.

உருகுவே வேறு மாதிரிச் செய்தது. 2007இல் கார்டால் என்ற சின்ன ஊரில் ஒரு பாடசாலையில் தொடங்கி, 2009 முடிவதற்குள் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும், மூன்றரை லட்சம் பேருக்கு மேல், கொடுத்து முடித்தார்கள். கூடவே பாடசாலைகளுக்கு இன்டர்நெட் இழுத்தார்கள், பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள். சின்ன நாடு, ஊருக்கு ஊர் கரண்ட் இருக்கிற நாடு. அதையும் மறக்கக் கூடாது.

எங்கள் மாடிப் பிள்ளையையே எடுங்கள். அவளுக்கு வினாத்தாள் தேடிப் போட நான் இருந்தேன். பாமினியைச் சரிசெய்ய நான் இருந்தேன். வயர் இழுக்க அப்பா இருந்தார். கீழே ஒரு பழுது பார்க்கிற கடை இல்லாத பிள்ளைக்கு இதே பெட்டி இரண்டாம் வாரமே கட்டிலுக்குக் கீழே போயிருக்கும். டீச்சர், உங்கள் பழைய மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இருபது லப்டொப்புக்குக் காசு இருந்தால் பதினாறு வாங்கட்டும். மிச்சக் காசைப் பாகத்துக்கும், மாதம் ஒருமுறை வந்து பார்க்கிற ஒரு பெடியனுக்கும் வைக்கட்டும்.

2022 ஆகஸ்ட் 21

ஒருவர் தமிழ்நாட்டு இலவச லப்டொப்பைப் பற்றிக் கேட்டார். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கியது, அரச, அரச உதவி பெறும் பாடசாலைகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. சென்னை ரிச்சி தெருவில் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். மூடியில் அம்மாவின் படம், உள்ளே சாதாரண லப்டொப். முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது எக்ஸ்ஓவோடு சேர்ந்தது: பாடசாலை அலுமாரியில் பூட்டாமல் பிள்ளைக்கே சொந்தமாகக் கொடுத்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் இந்திய அரசு 35 டொலர் ஆகாஷ் டேப்லெட்டை அறிவித்தது. விலையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் விரலை அழுத்தித் தேய்க்க வேண்டிய திரையில் வந்து நின்றது. மலிவு ஒன்றையே பிடித்துக்கொண்டால் அங்கேதான் போய் முடியும்.

2022 நவம்பர் 5

இன்று கடைக்கு ஒரு டஃப்புக் வந்தது, பனசோனிக் செய்கிற முரட்டு லப்டொப். வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் இருந்தவர் கொண்டுவந்தார். மக்னீசியம் உடம்பு, எடுத்தால் கை இறங்குகிறது. சுற்றிவர ரப்பர் பட்டி, ஒவ்வொரு ஓட்டைக்கும் தாழ்ப்பாள் வைத்த கதவு. செம்மண் தூள் அந்தக் கதவுகளின் விளிம்போடு நின்றுவிட்டது, உள்ளே ஒரு பொட்டு இல்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதிதாக வாங்கப் போனால் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை. காசு இருக்கிற நிறுவனம் காட்டுக்குள் அனுப்புகிற ஆளுக்குக் கொடுக்கிற முரட்டுத்தனம் அது. கீழே விழுந்தால் இன்னொன்று வாங்க வழியில்லாத வீட்டுக்காக யோசித்தது எக்ஸ்ஓவின் முரட்டுத்தனம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன்.

2022 டிசம்பர் 19

நேற்றுப் பரீட்சை முடிந்தது. முயல் கீழே வந்துவிட்டது. திரை மூடியில் அவள் பெயரை நீலப் பேனையால் எழுதியிருக்கிறாள். அழிக்கவில்லை.

2023 செப்டம்பர் 17

இந்தப் பக்கம் வந்து பல மாதமாகிவிட்டது. கூகிள் இந்த வாரம், தன் மென்பொருளில் ஓடுகிற குரோம்புக் லப்டொப்புகளுக்குப் பத்து வருடம் அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. இதுவரை என்னிடம் வந்த குரோம்புக்குகளில் உடம்பு நன்றாக இருந்து உயிர் மட்டும் போனவையே அதிகம். திரை சரி, கீபோர்ட் சரி, பட்டரி சரி. அப்டேட் திகதி முடிந்தது என்று ஒரு வரி வரும், கொஞ்ச நாளில் ஒவ்வொரு இணையத்தளமாகக் கதவைச் சாத்தும். வெளிநாட்டுப் பாடசாலைகள் கழித்துவிட்டவை கட்டுக்கட்டாக வந்து இறங்குகின்றன. பெற்றோர் புதிது மாதிரி இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். வாங்கும் முன் மொடல் எண்ணைப் போட்டு அந்தத் திகதியைப் பாருங்கள். முரடாக இருக்க வேண்டியது பிளாஸ்டிக் மட்டும் இல்லை.

2024 ஜூன் 8

2022 மார்ச் 31ஆம் திகதி எழுதியதைத் திருத்த வேண்டும். 12 வோல்ட் விஷயத்தில் எக்ஸ்ஓவுக்கு இருந்த தனிச் சிறப்பு போய்விட்டது. இப்போது யூஎஸ்பி-சி வாயில் சார்ஜ் ஏறுகிற லப்டொப் பாவித்த விலைக்கே கிடைக்கிறது. 65 வாட் கார் சார்ஜர் ஒன்றை 12 வோல்ட் பட்டரியில் மாட்டினால் அது நேராக 20 வோல்ட் கொடுத்துவிடும், இன்வெர்ட்டர் வேண்டாம். நான் மூன்று வீட்டுக்கு அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

போனைப் பற்றிச் சொன்னதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒரு உயர்தர வகுப்பு மாணவி முழுக் கட்டுரையையும் போனில் தமிழில் பேசியே எழுதி, பிறகு திருத்தி, என் கடையில் பிரின்ட் எடுத்தாள். பிழை மிகக் குறைவு. என் கண்முன்னே நடந்தது. அது அவளுடைய சொந்தப் போன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினாறு வருடமாகிவிட்டது, வெயிலில் அப்படித் தெரிகிற திரையோடு, ஒரு சாதாரண வீடு வாங்கக்கூடிய விலைக்கு, வேறு ஒரு லப்டொப் என் கடைக்கு வரவில்லை. ஸ்குரூ விஷயத்திலும் அப்படியே. போன வாரம் திறந்த புது லப்டொப்பில் ராமைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். அதைக் கொண்டுவந்த பிள்ளையிடம், இதற்கு மேல் கூட்ட முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும், நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு என்றார்கள். இன்று ஒன்றரை மணிநேர வெட்டு, நாளைக்கும் உண்டாம்.

நேற்றுக் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தேன். மாடிப் பிள்ளை கீழே வந்தாள். இப்போது எட்டாம் தரம், என்னைவிட அரை அடிதான் குறைவு. “மாமா, முயல் இருக்கிறதா?” என்றாள். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டரி பூச்சியம். அப்பாவின் ஓட்டோ வாசலில்தான் நின்றது. வயர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சார்ஜ் ஏறுகிற நேரத்தில் ஒரு காது ஆடுவதைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு ஸ்குரூ இல்லை, எப்போது விழுந்ததோ தெரியாது. நான் டப்பாவில் தேடத் தொடங்கினேன். “வேண்டாம் மாமா, உள்ளேயே இருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்” என்று ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கழற்றியவற்றை வரிசை குலையாமல் தரையில் வைத்து, கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஒன்றை நகத்தால் தள்ளி எடுத்தாள். 2007இல் யாரோ வைத்துவிட்டது. கச்சிதமாகப் போய் இறங்கியது.

மாலைவரை படியில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. உள்ளே இன்னும் ஸ்குரூ மிச்சம் இருக்கிறது.